கடலில் நேர்கோடு: வழிப்புள்ளிகளை நம்புமுன் அறிய வேண்டியவை

கொழும்புத் துறைமுக வாயிலிலிருந்து காலித் துறைமுகத்துக்குச் சிறிய படகொன்றில் செல்ல விரும்பும் ஒருவர், தமது ஜி.பி.எஸ். கருவியில் காலியின் இருப்பிடத்தைப் பதிவு செய்து, அங்கு செல்லும் வழியைக் கேட்கின்றார் என வைத்துக்கொள்வோம். கருவி கணப்பொழுதில் விடையளிக்கும். தூரம் ஏறத்தாழ 60 கடல் மைல், திசை தெற்கு-தென்கிழக்கு. ஆனால், அந்த நேர்கோட்டை வரைபடத்தில் வரைந்து பார்த்தால், அது வெள்ளவத்தை, தெஹிவளைப் பகுதியிலேயே கரையேறி, பாணந்துறை, களுத்துறை, பேருவளை, ஹிக்கடுவை ஆகிய ஊர்களின் நிலப்பரப்பு மீதாகக் காலியைச் சென்றடைவதைக் காணலாம்.

கருவி பொய்யுரைக்கவில்லை. இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான நேர்கோடு எதுவென அதனிடம் கேட்கப்பட்டது. அதற்குரிய விடையை அது தந்தது. இடையில் இருப்பது நிலமா, பாறையா, மணற்றிட்டா என்று அதனிடம் எவரும் கேட்கவில்லை. நிலத்தின் மீது செல்லும் கோட்டைக் கண்டு எவரும் ஏமாறமாட்டார்கள். நீருக்கு அடியில் மறைந்திருக்கும் பாறையின் மீது செல்லும் கோட்டைக் கண்டு ஏமாறாதவர்கள் குறைவு. இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவதும் இதனையே.

போர்க்காலத்தில் எமது கடற்பரப்பில் படகோட்டம் கடும் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டிருந்தது. 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் நிலைமை மாறியது. மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கவும், கல்பிட்டியில் டொல்பின் பார்க்கவும், திருகோணமலையில் புறாத்தீவுக்குச் செல்லவும் குடும்பம் குடும்பமாக மக்கள் படகேறுகின்றனர். காலிக்கும் திருகோணமலைக்கும் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள் வந்து செல்கின்றன. கொழும்புத் துறைமுக நகரின் திட்டத்தில் உல்லாசப் படகுத்துறையும் இடம்பெற்றுள்ளது. இந்நிலையில், கடலில் வழி வகுத்தல் என்னும் கலை மாலுமிகளுக்கும் கடற்றொழிலாளருக்கும் மட்டும் உரியதன்று. படகில் ஏறும் ஒவ்வொருவரும் அதன் அடிப்படையை அறிந்திருப்பது நன்று.

வழிப்புள்ளி என்பது கடலில் நாம் தெரிந்தெடுக்கும் ஓர் இடம். அகலாங்கு, நெட்டாங்கு ஆகிய இரண்டு எண்களால் அது குறிக்கப்படுகின்றது. பயணம் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் இடையே இத்தகைய புள்ளிகள் பலவற்றை இட்டு, அவற்றை வரிசையாகக் கோடுகளால் இணைத்தால் பயணத்தடம் கிடைக்கும். அகலாங்கின் ஒரு பாகை 60 கலைகளைக் கொண்டது. ஒரு கலை ஒரு கடல் மைலுக்குச் சமம். அதாவது 1,852 மீற்றர். இதனால், கடல் வரைபடத்தின் பக்கவாட்டு விளிம்பிலுள்ள அகலாங்கு அளவீட்டின் மீது கவராயத்தை வைத்துத் தூரத்தை நேரடியாக அளந்துகொள்ளலாம். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல் செல்லும் வேகமே ஒரு நொட் எனப்படுகின்றது.

இந்த எண்ணம் செய்மதிகளுடன் பிறந்ததன்று. 15ஆம் நூற்றாண்டில், இன்றைய ராஸ் அல் கைமாவின் பகுதியான ஜுல்பாரைச் சேர்ந்த அஹ்மத் இப்னு மாஜித் என்ற அரபு மாலுமி, இந்து சமுத்திரத்தின் கடல் வழிகளையும் நட்சத்திர அளவீடுகளையும் விரிவான நூல்களாக எழுதிவைத்தார். 1498இல் வாஸ்கோட காமாவுக்கு வழிகாட்டியவர் இவரே என நீண்ட காலமாகக் கூறப்பட்டு வந்த போதிலும், பிற்கால ஆய்வாளர்கள் அதனை மறுத்துள்ளனர். அவரது பெருமைக்கு அந்தக் கதை தேவையுமில்லை. அரபு மாலுமிகள் 'கமால்' என்ற எளிய கருவியைப் பயன்படுத்தினர். அது நடுவில் கயிறு கோத்த சிறிய மரப்பலகை. பலகையின் கீழ் விளிம்பு அடிவானத்தையும் மேல் விளிம்பு துருவ நட்சத்திரத்தையும் தொடும்படி பிடித்து, கயிற்றின் முடிச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு நட்சத்திரத்தின் உயரத்தை அளப்பர். கயிற்றிலுள்ள ஒவ்வொரு முடிச்சும் ஒவ்வொரு துறைமுகத்தின் அகலாங்கைக் குறிக்கும். நட்சத்திரம் உரிய முடிச்சுக்குப் பொருந்தும் வரை வடக்காகவோ தெற்காகவோ சென்று, பின்னர் அதே அகலாங்கில் கிழக்காகவோ மேற்காகவோ திரும்பினால் துறைமுகம் வந்து சேரும். சோழமண்டலக் கரையின் தமிழ் மாலுமிகளும் இதனையொத்த பலகையைக் கையாண்டனர். அது இராப்பலகை எனப்பட்டது. கயிற்றில் இட்ட முடிச்சு அக்காலத்தின் வழிப்புள்ளி எனலாம்.

வல்வெட்டித்துறையின் தண்டையல்களையும் இங்கு நினைவுகூர வேண்டும். அங்கு கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பலை, சிறிய பாய்ப்படகில் உலகைச் சுற்றிவந்து புகழ்பெற்றிருந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்தி, அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தனர். அவர்களிடம் செய்மதிக் கருவி இருக்கவில்லை. வரைபடமும் திசையறிகருவியும் வானமும் கடலைப் படித்த கண்களுமே இருந்தன.

இன்று நிலைமை வேறு. 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். சமிக்ஞைகளில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. பொதுமக்களின் கருவி காட்டும் இடம் 100 மீற்றர் வரை பிழைக்கலாம். அந்தக் கலப்பு நீக்கப்பட்டதன் பின்னர், சாதாரண கையடக்கத் தொலைபேசியும் சில மீற்றர்களுக்குள் இருப்பிடத்தைக் காட்டுகின்றது. இந்தத் துல்லியமே புதியதொரு மயக்கத்தையும் தோற்றுவித்துள்ளது. நாம் இருக்கும் இடம் சரியாகத் தெரிவதனால், நாம் செல்லும் வழியும் சரியாகவே இருக்கும் என்று மனம் நம்பிவிடுகின்றது. இவை இரண்டும் வெவ்வேறானவை.

இந்த மயக்கத்தின் விலையை எமது இந்து சமுத்திரத்திலேயே ஒரு படகு செலுத்த நேர்ந்தது. உலகைச் சுற்றிவரும் வொல்வோ சமுத்திரப் படகோட்டப் போட்டியில் பங்குபற்றிய 'வெஸ்ராஸ் விண்ட்' என்ற பாய்மரப் படகு, கேப்ரவுனிலிருந்து அபுதாபிக்குச் சென்றுகொண்டிருந்த வேளையில், 2014ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் திகதி இரவு, மொரீசியசுக்கு வடகிழக்கேயுள்ள கார்காடோஸ் கரஹோஸ் பாறைத்தொடரில் முழு வேகத்தில் மோதியது. அதில் இருந்த ஒன்பது பேரும் உயிர் தப்பியது நற்பேறு. படகில் இருந்தவர்கள் தேர்ந்த மாலுமிகள். கருவிகளோ அக்காலத்தில் கிடைத்தவற்றுள் சிறந்தவை. அவ்வாறிருந்தும், இலத்திரனியல் வரைபடத்தைச் சிறிதாக்கி முழுச் சமுத்திரத்தையும் பார்க்கும்போது, பல கிலோமீற்றர் நீளமான அந்தப் பாறைத்தொடர் திரையில் தெளிவாகத் தோன்றவில்லை. பெரிதாக்கிப் பார்த்திருந்தால் அது தெரிந்திருக்கும். ஆழம் குறைந்த கடல் மட்டுமே அங்குள்ளது என்று எண்ணி அவர்கள் தடத்தை வகுத்திருந்தனர். சுயாதீன விசாரணைக் குழுவொன்றின் அறிக்கை 2015இல் வெளியாயிற்று. இலத்திரனியல் வரைபடங்களை எந்த அளவில் பார்க்க வேண்டும் என்பதைப் படகோட்டிகள் உலகெங்கும் மீளச் சிந்திக்க இச்சம்பவம் காரணமாயிற்று.

எமது கடலிலும் அத்தகைய இடங்கள் உள்ளன. தென்கிழக்குக் கரைக்கு அப்பால், யால வனத்துக்கு எதிரே கடலில் கிடக்கும் பெரிய பாசஸ், சிறிய பாசஸ் பாறைத்தொடர்கள் பல கப்பல்களை விழுங்கியவை. 1961ஆம் ஆண்டு மைக் வில்சன் என்ற சுழியோடி பெரிய பாசஸ் பாறையருகே மூழ்கிக் கிடந்த கப்பலொன்றைக் கண்டறிந்தார். அதிலிருந்து முகலாயப் பேரரசர் ஒளரங்கசீப்பின் ஆட்சிக் காலத்தில், ஹிஜ்ரி 1113இல், சூரத் நகரில் அச்சிடப்பட்ட வெள்ளி நாணயங்கள் பெருந்தொகையாக வெளிவந்தன. அவ்வாண்டு கி.பி. 1701-02க்கு உரியது. பெரிய பாசஸில் 1873இலும் சிறிய பாசஸில் 1878இலும் வெளிச்சவீடுகள் எழுப்பப்பட்டன. வெளிச்சவீட்டின் ஒளி கண்ணுக்குத் தெரியும். ஆனால் கருவியின் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அதனாலும் பயனில்லை.

சரியான முறையில் தடம் வகுப்பது எவ்வாறு? மீண்டும் கொழும்பு-காலிப் பயணத்துக்கு வருவோம். முதலில் துறைமுக வாயிலுக்கு வெளியே, கப்பல்கள் வந்து செல்லும் பாதையை விட்டு விலகிய ஓரிடத்தில் ஒரு புள்ளி வேண்டும். அடுத்தது, மேற்கே போதிய ஆழமும் கரையிலிருந்து போதிய தூரமும் உள்ள இடத்தில். அங்கிருந்து தெற்கே, பேருவளைக்கு அருகிலுள்ள தீவின் பார்பரின் வெளிச்சவீட்டைத் தாராளமான இடைவெளியில் கடக்கும் இடத்தில் மற்றொன்று. ஹிக்கடுவையின் முருகைக்கற் பாறைகளுக்கு வெளிப்புறமாக இன்னொன்று. இறுதியாக, காலி விரிகுடாவின் வாயிலுக்கு எதிரே ஒன்று. நேர்கோட்டிலும் பார்க்கத் தூரம் சற்று அதிகரிக்கும்; அந்த மேலதிக மைல்களே பாதுகாப்பின் விலை.

புள்ளிகளை இட்டதுடன் வேலை முடிவதில்லை. ஒவ்வோர் இரு புள்ளிகளுக்கும் இடையிலான கோட்டை, வரைபடத்தை மிகப் பெரிதாக்கி, ஆரம்பம் முதல் இறுதி வரை கண்ணால் நடந்து பார்க்க வேண்டும். கோட்டின் மீது மட்டுமன்றி, அதன் இரு பக்கங்களிலும் ஒரு மைல் அளவிலேனும் என்ன உள்ளது என்பதைக் கவனிக்க வேண்டும். சில புதிய கருவிகள் ஆழத்தைக் கணக்கிட்டுத் தாமாகவே தடத்தை வகுத்துத் தருகின்றன. அவற்றின் தயாரிப்பாளர்களே, அத்தடத்தைப் பயணி சரிபார்க்க வேண்டும் என எச்சரிப்பதை மறந்துவிடலாகாது.

எண்களைப் பதிவதிலும் விழிப்பு வேண்டும். 6 பாகை 56.50 கலை என்பதும், 6 பாகை 56 கலை 50 விகலை என்பதும் பார்வைக்கு ஒன்று போலத் தோன்றும். ஆனால் இவற்றுக்கிடையே 600 மீற்றருக்கு மேற்பட்ட வேறுபாடு உண்டு. ஒருவர் வானொலியில் சொல்ல மற்றவர் எழுதிக்கொள்ளும்போது இத்தவறு எளிதில் நேர்கின்றது. மேலும், பழைய வரைபடங்கள் செய்மதிக் காலத்துக்கு முந்திய நில அளவை அடிப்படைகளைக் கொண்டவை. இலங்கையின் பழைய அடிப்படைக்கும் இன்றைய ஜி.பி.எஸ். அடிப்படைக்கும் இடையிலான விலகல் நூறு மீற்றர்களைத் தாண்டக்கூடியது. அகலமான கடலில் இது பொருட்டன்று. குறுகிய நுழைவாயிலில் படகையே இழக்க இது போதும்.

அடுத்தது நீரோட்டம். 6 நொட் வேகத்தில் செல்லும் படகை 2 நொட் நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளினால், மூன்று மணி நேரத்தில் அது 6 கடல் மைல் விலகிவிடும். சோழகக் காற்றின் காலத்திலும் வாடைக் காற்றின் காலத்திலும் எமது கரையோர நீரோட்டம் திசை மாறுவதைக் கடற்றொழிலாளர் நன்கறிவர். திசையில் ஒரு பாகை பிழைத்தால், 60 மைல் சென்ற பின்னர் ஒரு மைல் விலகியிருப்போம் என்பது மாலுமிகளின் பழைய கணக்கு. இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஆபத்து ஒன்றுண்டு. படகு தடத்திலிருந்து விலகிய பின்னரும், கருவியின் அம்புக்குறி அடுத்த புள்ளியை நோக்கியே காட்டும். அப்போது அது காட்டுவது நாம் சரிபார்த்த பழைய கோடன்று. விலகிய இடத்திலிருந்து வரையப்பட்ட புதிய கோடு. பழைய கோடு தவிர்த்த பாறை புதிய கோட்டில் இருக்கலாம். ஆகவே, தடத்திலிருந்து எவ்வளவு விலகியுள்ளோம் என்பதைக் காட்டும் அளவை அடிக்கடி பார்த்து, முதலில் தடத்துக்குத் திரும்புவதே முறையாகும்.

வழிப்புள்ளியைக் கடல் மிதவையின் மீதோ வெளிச்சவீட்டின் மீதோ இடுவதும் தவறு. முன்னர் கருவிகள் பிழைத்தபோது படகு அவற்றுக்கு அருகே சென்றது. இன்று துல்லியம் கூடியதால், அவற்றின் மீதே மோதும் நிலை ஏற்பட்டுள்ளது. அதே புள்ளியை எதிரே வரும் படகும் பதிவு செய்திருக்கலாம் என்பதையும் எண்ண வேண்டும்.

பெருங்கப்பல்களின் பாதையை அறிந்திருப்பதும் அவசியம். தெவிநுவர முனைக்கு அப்பால் உலகின் மிக நெருக்கடியான கப்பற் பாதைகளுள் ஒன்று செல்கின்றது. அதே நீரில் நீலத் திமிங்கிலங்களும், அவற்றைப் பார்க்கச் செல்லும் உல்லாசப் படகுகளும் உள்ளன. 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரும் கப்பல் நிறுவனம், திமிங்கிலங்களுடனான மோதலைத் தவிர்க்கும் பொருட்டுத் தனது கப்பல்களின் தடத்தை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே நகர்த்தியது. வரைபடத்தில் சில புள்ளிகளை நகர்த்துவதால் உயிர்களைக் காக்க முடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வடக்கே செல்வோருக்கு மற்றொரு கோடும் உண்டு. பாக்கு நீரிணையில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான கடலெல்லை, 1974ஆம் ஆண்டு ஜூன் மாத உடன்படிக்கையில் ஆறு புள்ளிகளால் வரையறுக்கப்பட்டது. வடக்கே 10 பாகை 05 கலை வட அகலாங்கு, 80 பாகை 03 கலை கிழக்கு நெட்டாங்கு என்ற புள்ளியில் தொடங்கி, தெற்கே ஆதாம் பாலத்தருகே 9 பாகை 06 கலை, 79 பாகை 32 கலை என்ற புள்ளியில் அது முடிகின்றது. 1976இல் மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லை நீட்டிக்கப்பட்டது. இந்த எல்லையும் வழிப்புள்ளிகளை இணைத்த கோடே. கடலில் அதற்கு வேலியுமில்லை, கல்லுமில்லை. அக்கோட்டின் இரு பக்கங்களிலும் தமிழ் பேசும் கடற்றொழிலாளர் வாழ்கின்றனர். அதனைக் கடந்தமைக்காகக் கைதும் சிறையும் படகுப் பறிமுதலும் தொடர்வதையும், இழுவை மடிகளால் எமது வடபகுதித் தொழிலாளர் வலையையும் வாழ்வையும் இழப்பதையும் வாசகர்கள் அறிவர். அப்பிரச்சினையைக் கருவி தீர்த்துவிடாது. ஆனால், பொழுதுபோக்குக்காகப் படகெடுத்துச் செல்பவர் அந்த ஆறு புள்ளிகளையும் தமது கருவியில் பதிந்திருந்தால், அறியாது எல்லை கடக்கும் விபரீதத்தையாவது தவிர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவுக்கும் பின்னர், கருவியே பொய்த்துப்போகும் காலமும் வந்துவிட்டது. போர் மூளும் பிரதேசங்களில் செய்மதிச் சமிக்ஞைகளைக் குழப்புவதும், பொய்யான இருப்பிடத்தைக் காட்டச் செய்வதும் சாதாரணமாகியுள்ளன. 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் எம்.எஸ்.சி. அன்ரோனியா என்ற கொள்கலன் கப்பல் ஜித்தாவுக்கு அருகே செங்கடலில் தரைதட்டியமைக்கு, இத்தகைய குறுக்கீடே காரணமாக இருக்கலாம் எனக் கடல்சார் ஆய்வாளர்கள் கருதினர். இதனாலேயே அச்சிட்ட வரைபடமும், பென்சிலும், சமாந்தர அளவுகோலும், மின்சாரம் வேண்டாத திசையறிகருவியும் இன்றும் படகில் இருக்க வேண்டும் என்கின்றோம். மணிக்கொரு தடவை இருப்பிடத்தையும் திசையையும் வேகத்தையும் குறிப்பேட்டில் எழுதி வந்தால், கருவி அணைந்த பின்னரும் கடைசியாக இருந்த இடத்திலிருந்து கணித்துச் செல்லலாம். ஆழமானி காட்டும் ஆழம் வரைபடத்திலுள்ள ஆழத்துக்குப் பொருந்துகின்றதா எனப் பார்ப்பதும், கரையிலுள்ள வெளிச்சவீடு, கோபுரம் ஆகியவற்றின் திசையைக் கண்ணால் சரிபார்ப்பதும் இலவசமான காப்புறுதிகள். கொட்டாஞ்சேனையின் புனித லூசியா பேராலயக் குவிமாடமும் புறக்கோட்டையின் செம்மசூதியும், உயர்ந்த கட்டடங்கள் எழுமுன்னர், நகரின் வான்கோட்டில் முன்னின்றவை. இன்று கோபுரங்கள் பெருகியுள்ளன. அவற்றை அடையாளமாகக் கொள்ளும் பழக்கமே அருகியுள்ளது.

பயணத் தடத்தின் பிரதியொன்றை, திரும்பும் நேரத்தையும் குறித்து, கரையிலுள்ள ஒருவரிடம் விட்டுச் செல்வது கட்டாயம். வி.எச்.எப். வானொலியில் 16ஆவது அலைவரிசை அனர்த்த அழைப்புக்கென உலகெங்கும் ஒதுக்கப்பட்டது என்பதைப் படகிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். படகோட்டி மயங்கி வீழ்ந்தால் அழைக்க வேண்டியவர் மற்றவரே.

உல்லாசப் படகுத்துறையை வளர்த்து அந்நியச் செலாவணி ஈட்ட விரும்பும் நாடு, படகோட்டிகளின் அறிவையும் வளர்த்தாக வேண்டும். படகோட்டிகளுக்கான பயிற்சியும் பரீட்சையும் கையேடுகளும் கடல் எச்சரிக்கைகளும், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போலவே தமிழிலும் முழுமையாகக் கிடைக்க வேண்டும். கல்பிட்டி முதல் மன்னார், பருத்தித்துறை, திருகோணமலை, கல்முனை வரை கடலில் இறங்குவோரில் பெரும்பாலோர் தமிழ் பேசும் மக்கள். கருவியின் திரையிலுள்ள எண்களை வாசிக்கத் தெரிந்தவர், அவற்றுக்கிடையே என்ன உள்ளது என்பதைத் தமது மொழியில் கற்றுக்கொள்ள வழி இருத்தல் வேண்டும். கருவியை விற்பவர்கள் அதனைக் கற்பிக்கப்போவதில்லை. அது அரசினதும், கடற்றொழிலாளர் சங்கங்களினதும், கரையோரப் பாடசாலைகளினதும் பொறுப்பாகும்.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளுடன் படகேறவிருக்கும் வாசகர்களை நாம் கேட்டுக்கொள்வது ஒன்றே. புறப்படுமுன் படகோட்டியிடம் வரைபடத்தைக் காட்டும்படி கேளுங்கள். செல்லும் வழியில் என்ன உள்ளது என விசாரியுங்கள். நல்ல படகோட்டி அதற்காகக் கோபிக்கமாட்டார். விரலால் தொட்டு, பாறையையும் நீரோட்டத்தையும் காட்டுவார். காட்ட இயலாதவரின் படகில் ஏறாதிருப்பதே நலம்.